பெயர் ஒன்று, வருகிற பக்கம் வேறொன்று: அப்பாச்சியில் விர்ச்சுவல் ஹோஸ்ட் சிக்கலைத் தேடும் வழி

ஒரு சர்வர், அதில் அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருள், ஒரு ஐபி முகவரி, இரண்டு தளங்கள். இரண்டாவது தளத்துக்கு கான்ஃபிக் ஃபைல் எழுதிச் சேமித்து, பிரவுசரில் பெயரைத் தட்டினால் முதல் தளம் வந்து நிற்கிறது. இல்லையென்றால் உபுண்டு அப்பாச்சியின் வழக்கமான "இட் வொர்க்ஸ்" பக்கம். திரையில் எரர் இல்லை, எரர் லாகிலும் ஒன்றும் இல்லை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எரரே காட்டாத பிழையை எங்கே போய்த் தேடுவது?

உபுண்டு அல்லது டெபியனில் ஓடும் அப்பாச்சி 2.4-ஐ வைத்து இதை எழுதுகிறேன். ரெட்ஹேட் வகை லினக்ஸில் சர்வீஸின் பெயர் ஹெச்டிடிபிடி, ஃபைல்கள் /இடிசி/ஹெச்டிடிபிடி/கான்ஃப்.டி ஃபோல்டரில் இருக்கும். தேடும் முறை இரண்டிலும் ஒன்றுதான். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது

பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது "ஹோஸ்ட்" என்ற ஹெடரில் தளத்தின் பெயரையும் சேர்த்து அனுப்புகிறது. ஹெச்டிடிபி 1.1 வந்தபோது (1997) இந்த ஹெடர் கட்டாயமானது. அதற்கு முன் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி முகவரி வேண்டியிருந்தது. இப்போது அப்பாச்சி அந்தப் பெயரை எடுத்து, தன்னிடம் உள்ள விர்ச்சுவல் ஹோஸ்ட்களின் (ஒவ்வொரு தளத்துக்கும் எழுதும் தனிக் கான்ஃபிக் பகுதி) சர்வர்நேம் (முதன்மைப் பெயர்), சர்வர்அலையஸ் (மாற்றுப் பெயர்கள்) வரிகளோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் அந்தத் தளம்.

பொருந்தாவிட்டால்? எரர் தராது. கோரிக்கை வந்த போர்ட்டுக்கான (ஹெச்டிடிபிக்கு 80, ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு 443) பட்டியலில் முதலாவதாக இருக்கும் தளத்தைக் கொடுத்துவிடும். கூட்டுக் குடும்ப வீட்டுக்குப் பெயர் சரியில்லாத தபால் வந்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வார் அல்லவா, அந்த மாதிரி. ஆகவே "தப்பான தளம் வருகிறது" என்றால் சர்வரைப் பொறுத்தவரை எதுவும் உடையவில்லை. நீங்கள் எழுதிய பெயர் அதன் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். ஏன் படவில்லை என்பதைத்தான் ஒவ்வொரு படியாகப் பார்க்கப்போகிறோம்.

எடுத்துக்காட்டுக்கு இப்படி ஒரு ஃபைல் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம் (டாக்குமென்ட்ரூட் என்பது தளத்தின் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்):

<விர்ச்சுவல்ஹோஸ்ட் *:80>
சர்வர்நேம் கடை.டெஸ்ட்
டாக்குமென்ட்ரூட் /எஸ்ஆர்வி/கடை
எரர்லாக் /வார்/லாக்/அப்பாச்சி2/கடை-எரர்.லாக்
</விர்ச்சுவல்ஹோஸ்ட்>

பயிற்சிக்கு .டெஸ்ட் என்று முடியும் பெயர்களையே வையுங்கள். இப்படிப்பட்ட வேலைக்கென்றே 1999-இல் ஒதுக்கி வைத்த பெயர் அது, இணையத்தில் வேறு யாருக்கும் கிடைக்காது. .டெவ் வேண்டாம். அது கூகுளின் கையில் உள்ள நிஜமான டொமைன். .டெவ் என்று தட்டினாலே குரோம் பிரவுசர் ஹெச்டிடிபிஎஸ்-க்குத் தாவிவிடும், நீங்கள் 80-ஆம் போர்ட்டில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

படி 1: கோரிக்கை உங்கள் சர்வருக்கு வருகிறதா

கான்ஃபிக்கைத் திறப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். சர்வரில் ஒரு டெர்மினலில்

சூடோ டெய்ல் -எஃப் /வார்/லாக்/அப்பாச்சி2/*.லாக்

என்று ஓடவிட்டு, பிரவுசரில் பக்கத்தைப் புதுப்பியுங்கள். ஏதோ ஒரு லாகில் புது வரி விழுந்தால் கோரிக்கை வந்து சேர்ந்துவிட்டது, அடுத்த படிக்குப் போகலாம். மேலே உள்ள ஃபைலில் வருகைக்கான கஸ்டம்லாக் வரி இல்லை. அப்படிப்பட்ட தளங்களின் வருகையெல்லாம் டெபியன் குடும்பத்தில் "அதர்_விஹோஸ்ட்ஸ்_ஆக்ஸஸ்.லாக்" என்ற ஃபைலில் விழும். அதில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எந்த விர்ச்சுவல் ஹோஸ்ட் பதில் சொன்னது என்ற பெயரே இருக்கும். பலர் திறந்தே பார்க்காத ஃபைல், ஆனால் இந்த வேலைக்கு மிகவும் உதவும்.

ஒரு வரியும் விழவில்லையா? அப்படியானால் கோளாறு அப்பாச்சிக்கு வெளியே. "டிக் கடை.டெஸ்ட்" மாதிரி டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) கேட்டுப் பாருங்கள். நிஜ டொமைன் என்றால் உங்கள் சர்வரின் ஐபி வர வேண்டும். ஐபிவி6 முகவரிக்கான ஏஏஏஏ (நான்கு ஏ) ரெக்கார்டையும் சேர்த்துப் பாருங்கள். பழைய ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து மாறி வரும்போது சாதாரண ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது சிலருக்குப் புதுத் தளமும் சிலருக்குப் பழைய தளமும் தெரியும், யார் சொல்வதை நம்புவது என்றே தெரியாது. .டெஸ்ட் பெயர் என்றால் டிக் உதவாது, அது ஹோஸ்ட்ஸ் ஃபைலை (பெயருக்கு எந்த ஐபி என்று ஒரு கம்ப்யூட்டரிலேயே எழுதி வைக்கும் பட்டியல்) படிக்காது. பிரவுசர் இருக்கிற கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் வரி சேர்த்திருக்கிறீர்களா என்று நேரடியாகத் திறந்து பாருங்கள். சர்வரில் சேர்த்துவிட்டு லேப்டாப்பில் தேடினால் வராது.

படி 2: பிரவுசரை நம்பாதீர்கள்

பிரவுசருக்கு ஞாபகசக்தி அதிகம். 301 என்ற நிரந்தரத் திருப்பத்தை ஒருமுறை வாங்கிவிட்டால், நீங்கள் சர்வரில் அதை நீக்கிய பிறகும் கேஷில் வைத்துக்கொண்டு அங்கேயே ஓடும். அதனால் சோதனைக்கு கர்ல் கட்டளையைப் பயன்படுத்துங்கள். சர்வருக்குள்ளேயே நின்று,

கர்ல் -ஐ -ஹெச் "ஹோஸ்ட்: கடை.டெஸ்ட்" ஹெச்டிடிபி://127.0.0.1/

என்று கேளுங்கள். ஐயும் ஹெச்சும் பெரிய எழுத்து. இதில் டிஎன்எஸ் இல்லை, ஃபயர்வால் இல்லை, கேஷ் இல்லை. உங்கள் பெயருக்கு அப்பாச்சி என்ன பதில் சொல்கிறது என்பது மட்டும் வரும். இங்கே சரியான தளம் வந்து பிரவுசரில் வரவில்லை என்றால் படி 1-க்குத் திரும்புங்கள், பிரவுசர் கேஷைக் கழுவுங்கள், படி 3-இல் வரும் ஐபி குழுவையும் பாருங்கள். இங்கேயும் தப்பான தளம் வந்தால் சந்தேகமே வேண்டாம், கான்ஃபிக்தான்.

படி 3: அப்பாச்சி என்ன புரிந்துகொண்டிருக்கிறது என்று அதனிடமே கேளுங்கள்

ஃபைலைத் திறந்து பத்து முறை படிப்பதில் பயனில்லை. எழுதியவருக்குத் தான் எழுதியது எப்போதும் சரியாகத்தான் தெரியும். இதைத் தட்டுங்கள், கடைசி எஸ் பெரிய எழுத்து:

சூடோ அப்பாச்சி2சிடிஎல் -எஸ்

சிடிஎல் சேர்த்த கட்டளையாகவே தட்டுங்கள். வெறும் அப்பாச்சி2 என்று தட்டினால் டெபியன் குடும்பத்தில் சில மாறிகள் வரையறுக்கப்படவில்லை என்று கத்தும். அது உங்கள் கான்ஃபிக்கின் குற்றமில்லை.

பதிலில் போர்ட் வாரியாக ஒரு பட்டியல் வரும். *:80 என்பதன் கீழே "டிஃபால்ட் சர்வர்" என்று ஒரு வரி, பிறகு "போர்ட் 80 நேம்விஹோஸ்ட்" என்று தளத்துக்கு ஒரு வரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். என்னைக் கேட்டால், முக்கால்வாசிச் சிக்கல்களின் விடை இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பெயரே பட்டியலில் இல்லையா? ஃபைல் சைட்ஸ்-அவைலபிள் ஃபோல்டரில் இருக்கிறது, சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டரில் இல்லை என்று பெரும்பாலும் பொருள். "சூடோ ஏ2என்சைட் கடை" என்று தட்டினால் இணைப்பு உருவாகும். "தளம் இல்லை" என்று அது மறுத்தால் ஃபைல் பெயரின் கடைசியைப் பாருங்கள். 2.4-இல் பெயர் .கான்ஃப் என்று முடிந்தே ஆக வேண்டும். பழைய 2.2 காலத்து வழிகாட்டிகளைப் பார்த்து அது இல்லாமல் ஃபைல் உருவாக்கியவர்களுக்கு இது நடக்கும். அதே வழிகாட்டிகளில் "நேம்விர்ச்சுவல்ஹோஸ்ட் *:80" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். 2.4-க்கு அது தேவையில்லை, விட்டுவிடுங்கள்.

பெயர் இருக்கிறது, ஆனால் வேறு ஃபைலிலிருந்து வருகிறதா? நகலெடுத்த பழைய ஃபைல் ஒன்று இன்னும் உள்ளே இருக்கலாம். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் படித்ததே ஜெயிக்கும். ஃபைல்கள் அகர வரிசையில் படிக்கப்படுகின்றன. உபுண்டுவின் இயல்புத் தளத்துக்கு 000-டிஃபால்ட் என்று பெயர் வைத்திருப்பதே அது முதலில் நிற்கட்டும் என்றுதான்.

பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் இங்கே பளிச்சென்று தெரியும். மூன்று டபிள்யூ போட்ட பெயரையும் பாருங்கள். நம் எடுத்துக்காட்டு ஃபைலில் சர்வர்அலையஸ் வரி இல்லை. மூன்று டபிள்யூவோடு யாராவது தட்டினால் அது வேறு பெயர், பொருந்தாது, முதல் தளத்துக்குப் போய்விடும். "எனக்கு வருகிறது, வாடிக்கையாளருக்கு வரவில்லை" என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இந்த ஒரு வரிதான் இருக்கிறது.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது. பட்டியலில் *:80 தவிர, ஐபி முகவரியோடு ஒரு தனிக் குழு, உதாரணமாக 203.0.113.10:80 என்று தெரிகிறதா? அப்பாச்சி முதலில் பார்ப்பது எந்த ஐபிக்கும் போர்ட்டுக்கும் கோரிக்கை வந்தது என்பதைத்தான், பெயரை அப்புறம்தான் பார்க்கும். ஐபி எழுதிய குழு ஒன்று பொருந்திவிட்டால், நட்சத்திரக் குறி போட்ட தளங்களின் பக்கமே அது திரும்பாது. நீங்கள் *:80-இல் பெயரை எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் பயனில்லை. இதன் மறுபக்கம் கிளவுட் சர்வர்களில் நடக்கும். அமேசான் ஈசி2 மாதிரி இடங்களில் பொது ஐபி இயந்திரத்தில் இருப்பதில்லை, உள்ளே இருப்பது தனி ஐபி. விர்ச்சுவல்ஹோஸ்ட் வரியில் பொது ஐபியை எழுதினால் அது ஒருபோதும் பொருந்தாது. தனிக் காரணம் ஏதும் இல்லையென்றால் எல்லாத் தளங்களுக்கும் நட்சத்திரத்தையே போட்டுவிடுங்கள்.

தமிழ் டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் பெயர்களைப் பிரவுசர் தமிழில் காட்டினாலும், சர்வருக்கு அனுப்பும்போது "எக்ஸ்என்--" என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவத்துக்கு மாற்றித்தான் அனுப்பும். புனிகோட் என்பது இதுதான். சர்வர்நேம் வரியில் அந்த வடிவத்தை எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் ஒப்பீட்டில் சேராது.

பட்டியலில் எல்லாம் சரி, ஆனால் கர்ல் இன்னும் தப்பான தளத்தையே தருகிறதா? -எஸ் கட்டளை படிப்பது இப்போது டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்களை. ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சியோ கடைசியாக ஏற்றிய கான்ஃபிக்கோடு இருக்கிறது. மாற்றியபின் ரீலோட் செய்யவில்லை என்றால் இரண்டும் வேறு வேறு.

படி 4: சோதித்துவிட்டு ரீலோட்

சூடோ அப்பாச்சி2சிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்
சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோட் அப்பாச்சி2

முதல் கட்டளை "சின்டாக்ஸ் ஓகே" என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது. ரீஸ்டார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். ரீஸ்டார்ட்டில் அப்பாச்சி முழுதாக நின்று மறுபடி கிளம்ப வேண்டும், கான்ஃபிக்கில் பிழை இருந்தால் கிளம்பாது. நன்றாக ஓடிய மற்றத் தளங்களும் சேர்ந்து படுத்துவிடும்.

கான்ஃபிக்டெஸ்டின்போது ஏஹெச்00558 என்ற எண்ணோடு, சர்வரின் முழுப் பெயரைத் தீர்மானிக்க முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டாம், உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொதுக் கான்ஃபிக்கில் "சர்வர்நேம் லோக்கல்ஹோஸ்ட்" என்று ஒரு வரி போட்டால் அது வாயை மூடிக்கொள்ளும். ஏஹெச்00112 என்றால் கவனியுங்கள், டாக்குமென்ட்ரூட் ஃபோல்டரே இல்லை என்று பொருள்.

அப்பாச்சி கிளம்பவே மறுத்து, லாகில் ஏஹெச்00072, "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று இருந்தால் 80-ஆம் போர்ட்டை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். "சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி" கட்டளை யாரென்று காட்டும். பெரும்பாலும் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வர்.

படி 5: சரியான தளம், ஆனால் 403

இங்கே வந்துவிட்டீர்கள் என்றால் விர்ச்சுவல் ஹோஸ்ட் வேலை செய்கிறது. சரியான இடத்துக்கு வந்தபின் கதவு பூட்டியிருக்கிறது. 403 (அனுமதி இல்லை) என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று வேறு காரணங்கள் உண்டு, பிரவுசர் வித்தியாசம் காட்டாது, எரர் லாக் காட்டும். உடனே "சிஹெச்மோட் 777" (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மூன்றில் இரண்டுக்கு அது தீர்வே இல்லை, மிச்சமுள்ள ஒன்றுக்கு (ஃபைல் அனுமதி) ஆபத்தான தீர்வு.

லாகில் ஏஹெச்01630 இருந்தால், கான்ஃபிக்கே அனுமதி மறுக்கிறது. நம் எடுத்துக்காட்டு ஃபைல் இதில்தான் சிக்கும். உபுண்டுவின் பொதுக் கான்ஃபிக் முழு டிஸ்க்கையும் மூடிவிட்டு, வழக்கமான வெப் ஃபோல்டர் போன்ற ஓரிரு இடங்களை மட்டுமே திறந்து வைக்கிறது. /எஸ்ஆர்வி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே விர்ச்சுவல் ஹோஸ்ட்டுக்குள் இப்படிச் சேர்க்க வேண்டும்:

<டைரக்டரி /எஸ்ஆர்வி/கடை>
ரிக்வயர் ஆல் கிராண்டட்
</டைரக்டரி>

பழைய வழிகாட்டிகளில் "ஆர்டர் அலவ்,டினை", "அலவ் ஃப்ரம் ஆல்" என்று இரண்டு வரி இருக்கும். அது 2.2-இன் முறை. இரண்டையும் கலந்து எழுதினால் எது எதைத் தடுக்கிறது என்று உங்களுக்கே புரியாமல் போகும்.

ஏஹெச்00035 என்றால் லினக்ஸின் ஃபைல் அனுமதி. வழியில் உள்ள ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் அப்பாச்சியின் யூசரால் நுழைய முடியவில்லை. கடைசி ஃபைலின் அனுமதியை மட்டும் பார்த்துவிட்டுக் குழம்புவார்கள். பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் நுழையும் உரிமை வேண்டும். "நேம்ஐ -எல் /எஸ்ஆர்வி/கடை/இன்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்" என்று தட்டினால் மேலிருந்து கீழ் வரை எல்லா அனுமதியும் ஒரே திரையில் வரும். ஹோம் ஃபோல்டருக்குள் தளத்தை வைத்தவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750 அனுமதியோடு உருவாகின்றன, வெளியாட்கள் நுழைய முடியாது. அதைத் திறப்பதைவிடத் தளத்தை ஹோமிலிருந்து வெளியே எடுப்பது நல்லது. ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 போதும்.

ஏஹெச்01276 என்றால் ஃபோல்டரில் இன்டெக்ஸ் ஃபைல் இல்லை. ஃபைலை வேறு இடத்தில் ஏற்றியிருப்பீர்கள், அல்லது இன்டெக்ஸ் என்பதில் முதல் எழுத்தைப் பெரியதாக வைத்திருப்பீர்கள்.

ரெட்ஹேட் வகையில் அனுமதியெல்லாம் சரியாக இருந்தும் 403 வந்தால் பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் (ஃபைல்களுக்கு லேபிள் வைத்துக் கட்டுப்படுத்தும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) தடுக்கிறது. அதை அணைத்துவிடும்படி சொல்பவர்கள் நிறைய. ஃபைல்களை வேறிடத்திலிருந்து நகர்த்திக் கொண்டுவந்ததால் லேபிள் மாறியிருக்கும். வழக்கமான வெப் ஃபோல்டராக இருந்தால் "ரிஸ்டோர்கான் -ஆர்வி" (ஆர் பெரிய எழுத்து) சரிசெய்துவிடும்.

முகப்புப் பக்கம் வருகிறது, உள்பக்கங்கள் எல்லாம் 404 என்றால் வேர்ட்பிரஸ்காரர்கள் கையைத் தூக்குவார்கள். ரீரைட் மாட்யூல் போடப்படவில்லை, அல்லது டைரக்டரி பகுதியில் "அலவ்ஓவர்ரைடு ஆல்" இல்லாததால் .ஹெச்டிஆக்ஸஸ் ஃபைலை (தளத்தின் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கும் கான்ஃபிக் ஃபைல்) அப்பாச்சி படிக்கவே இல்லை.

படி 6: ஹெச்டிடிபியில் சரி, ஹெச்டிடிபிஎஸ்ஸில் வேறு தளம்

80-க்கு ஒரு பட்டியல், 443-க்கு வேறு பட்டியல். ஒன்றில் எழுதியது மற்றொன்றுக்குப் பொருந்தாது. உங்கள் தளத்துக்கு *:443 விர்ச்சுவல் ஹோஸ்ட் இல்லையென்றால் 443 பட்டியலின் முதல் தளம் தன் சான்றிதழோடு பதில் சொல்லும், பிரவுசர் "பெயர் பொருந்தவில்லை" என்று எச்சரிக்கும். அதைத் தாண்டிப் போனால் அடுத்தவர் தளம்.

சர்ட்பாட் என்ற மென்பொருளை வைத்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அது உங்கள் ஃபைலை நகலெடுத்து "-எல்இ-எஸ்எஸ்எல்.கான்ஃப்" என்று முடியும் புது ஃபைல் ஒன்றை உருவாக்கும். அதன்பின் வருகிறவர்கள் பார்ப்பதெல்லாம் அந்த ஃபைலின் டாக்குமென்ட்ரூட்டைத்தான். நீங்கள் பழைய ஃபைலில் மாற்றி மாற்றி ரீலோட் செய்துகொண்டிருந்தால் எதுவும் நடக்காது. -எஸ் பட்டியலில் 443-க்குப் பக்கத்தில் எந்த ஃபைல் பெயர் இருக்கிறதோ அதைத் திருத்துங்கள்.

ஹெச்டிடிபிஎஸ்ஸைக் கர்லில் சோதிக்க ஹோஸ்ட் ஹெடர் முறை போதாது. சான்றிதழைத் தேர்ந்தெடுக்க உதவும் பெயர், ஹெடர் வருவதற்கு முன்பே, டிஎல்எஸ் கைகுலுக்கலின்போதே (மறையாக்கத்தைத் தொடங்கும் முதல் பரிமாற்றம்) போகிறது. எஸ்என்ஐ என்பது அதுதான். அதனால் இப்படி (ஐ பெரிய எழுத்து):

கர்ல் -ஐ --ரிசால்வ் கடை.டெஸ்ட்:443:127.0.0.1 ஹெச்டிடிபிஎஸ்://கடை.டெஸ்ட்/

"ரெக்கார்ட் மிக நீளமானது" என்ற வினோதமான எரர் ஃபயர்ஃபாக்ஸில் வந்தால் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 443-இல் அப்பாச்சி வெறும் ஹெச்டிடிபி பேசிக்கொண்டிருக்கிறது. "எஸ்எஸ்எல்என்ஜின் ஆன்" வரி அந்த விர்ச்சுவல் ஹோஸ்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: பொருந்தாத பெயர்களுக்கு ஒரு வாசல்

தளம் சரியாக வந்துவிட்டது. அடுத்த முறை இதே குழப்பம் வந்தால் உடனே தெரியும்படி ஒரு ஏற்பாடு செய்துவிடலாம். முதல் தளம்தான் கண்ட கண்ட பெயர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் என்றால், அந்த இடத்தில் நிஜத் தளம் எதையும் வைக்காதீர்கள். 000-டிஃபால்ட் ஃபைலில் விர்ச்சுவல்ஹோஸ்ட் தொடக்க வரியையும் முடிவு வரியையும் விட்டு மற்றதைக் காலி செய்து, அவற்றுக்கு நடுவே சர்வர்நேமாக யாரும் பயன்படுத்தாத ஒரு பெயரையும், "ரீடைரக்ட் 404 /" என்ற ஒரு வரியையும் மட்டும் வையுங்கள். பெயர் பொருந்தாத கோரிக்கைக்கு இனி அடுத்தவர் தளம் வராது, 404 வரும்.

443-க்கும் இதே மாதிரி ஒன்று தனியாக வேண்டும். சான்றிதழ் இல்லாமல் அது ஓடாது என்பதால், உபுண்டுவின் எஸ்எஸ்எல்-சர்ட் பேக்கேஜ் தரும் "ஸ்னேக்ஆயில்" என்ற சோதனைச் சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள், அதற்கு அது போதும். இரண்டுக்கும் தனி ஆக்ஸஸ் லாக் வையுங்கள். புதுத் தளம் ஏற்றிய அன்று அந்த லாகில் உங்கள் வருகை விழுந்தால், பெயர் பொருந்தவில்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.